அவுட்பேக்கில் ஒரு சின்ன ஹோட்டலில் தங்க: ஃபிளிண்டர்ஸ் மலைப் பக்கம் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அவுட்பேக் எனப்படும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிக்குப் போகத் திட்டமிடும் நம்மவர்கள் பலரும் வழக்கமான வரிசையில்தான் யோசிக்கிறார்கள். முதலில் ஊர், அடுத்து பார்க்க வேண்டிய இடங்கள், கடைசியில் கிடைக்கிற ஒரு ரூம். அவுட்பேக்கில் இந்த வரிசை கைகொடுக்காது. அங்கே பல இடங்களில் ஹோட்டல்தான் ஊரே. சாப்பாடு, குடிதண்ணீர், சாலை நிலவரம், வண்டி நின்றுவிட்டால் உதவிக்கு ஆள், எல்லாம் அந்த ஒரே கட்டடத்தில். அதனால் ஹோட்டலை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைச் சுற்றி மற்றதை அடுக்குங்கள். குறைந்தது இரண்டு இரவாவது ஒரே இடத்தில் தங்குங்கள். இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்துவது இந்த இரண்டையும்தான்.

எடுத்துக்காட்டுக்குத் தென் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரை எடுத்துக்கொள்கிறேன். அடிலெய்டிலிருந்து ஒரே பகலில் காரில் போய்ச் சேரலாம், கடைசிவரை தார் ரோடு. முதல்முறை அவுட்பேக் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை.

முதல் படி: எந்த மாதிரி ஹோட்டல்?

அவுட்பேக்கில் 'பூட்டிக்' என்று சொல்லப்படும் இடங்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல.

ஒன்று, பழைய பப்-ஹோட்டல். பராச்சில்னா என்ற குட்டி இடத்தில் இருக்கும் ப்ரேரி ஹோட்டல் இதற்கு நல்ல உதாரணம். 1876-இல் உரிமம் பெற்றது. முன்பக்கம் பழைய கல் கட்டடமும் மதுக்கூடமும், பின்னால் வெயிலைச் சமாளிக்கத் தரையை வெட்டித் தாழ்த்திக் கட்டிய அறைகள். எதிரே ரயில் பாதை. லீ கிரீக் சுரங்கத்து நிலக்கரி வண்டிகள் முன்பு அதில் ஓடின, 2015-இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கியிருப்பவர்கள் மட்டுமல்ல, பக்கத்துப் பண்ணைக்காரர்களும் வழிப்போக்கர்களும் வந்து உட்காரும் இடம் இது. நான் முதலில் சிபாரிசு செய்வது இந்த ரகத்தைத்தான். அந்த மண்ணின் மனிதர்களோடு பேச வாய்ப்புக் கிடைப்பது இங்கேதான்.

இரண்டாவது, ஆட்டுப் பண்ணையாக இருந்து தங்குமிடமாக மாறியவை. வில்பீனா என்ற மலை வளையத்தின் பக்கத்தில் உள்ள ரான்ஸ்லி பார்க் ஸ்டேஷன் இப்படிப்பட்டது. அதன் வில்லாக்களில் படுக்கைக்கு மேலே கண்ணாடிக் கூரை, படுத்தபடி நட்சத்திரம் பார்க்கலாம். அறையில் சமையல் வசதியும் வேண்டும் என்பவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் இந்தப் பக்கம் பாருங்கள்.

மூன்றாவது, சாப்பாடு, சுற்றிக்காட்டுவது எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் ஆடம்பர விடுதி. நாட்டின் நடுவே இருக்கும் உலுரு என்ற பெரும் பாறையைப் பார்த்தபடி இருக்கும் லாங்கிடியூட் 131 இந்த ரகம். விலை மிக அதிகம். ஆனால் கார் ஓட்டத் தயங்குகிறவர்களுக்கு உலுரு ஒரு நல்ல மாற்று. சிட்னி, மெல்பர்னிலிருந்து நேராக விமானம் இருக்கிறது.

தரைக்கு அடியில் தூங்கிப் பார்க்க வேண்டும் என்றால் அடிலெய்டுக்கு வடக்கே சுமார் 850 கி.மீ. தள்ளி கூபர் பீடி. 1915-இல் ஓபல் கல் கிடைத்த ஊர். வெளியே எப்படிக் கொளுத்தினாலும் குகை அறைகளுக்குள் இதமாகவே இருக்கும். அது தனிப் பயணம், இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் படி: எப்போது போவது?

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் 40 டிகிரியைத் தாண்டும். ஈக்கள் மொய்க்கும். சில ஹோட்டல்கள் அந்த மாதங்களில் மூடிவிடும் அல்லது அரைகுறையாக இயங்கும். காட்டுத்தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் நாள்களில் தேசியப் பூங்காக்களையே மூடிவிடுவார்கள். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவன், எனக்கென்ன என்று நினைக்காதீர்கள். இது வியர்வை வந்த மறுநொடி காய்ந்துவிடும் வறண்ட வெயில். உடம்பில் நீர் குறைவதே தெரியாது.

ஜூன், ஜூலையில் பகல் அருமையாக இருக்கும், இரவு ஜீரோ டிகிரியைத் தொடும். ஸ்வெட்டர், மப்ளர் இல்லாமல் போனால் நட்சத்திரம் பார்க்க வெளியே நிற்கவே முடியாது. எனக்குப் பிடித்தது ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். மழை பெய்திருந்தால் காட்டுப்பூக்கள் பூத்துக் கிடக்கும். ஆனால் ஏப்ரல், ஜூலை, செப்டம்பர் கடைசி ஆகிய பள்ளி விடுமுறை வாரங்களில் ரூம் கிடைப்பது கஷ்டம். பல மாதம் முன்பே புக் செய்துவிடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு அடிலெய்டுக்கு நேரடி விமானம் உண்டு. அந்த நாடுகளின் பாஸ்போர்ட் என்றால் விசா வேலை கைபேசிச் செயலியிலேயே முடிந்துவிடும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வருகையாளர் விசாவுக்கு முறையாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கான காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

மூன்றாம் படி: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

இணையத்தில் பொத்தானை அழுத்தி புக் செய்வதோடு நிறுத்தாமல் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், அல்லது போனில் பேசுங்கள். பேசினாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

முதலில் சாப்பாடு. அறைக் கட்டணத்தில் காலை உணவு உண்டா? இரவுச் சமையலறை எத்தனை மணிக்கு மூடும்? இது முக்கியமான கேள்வி. அவுட்பேக்கில் எட்டு, எட்டரைக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். பசித்தால் எதிர்க் கடைக்குப் போகலாம் என்பதற்கு எதிர்க் கடை கிடையாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் புக்கிங்கின்போதே விளக்கமாக எழுதிவிடுங்கள். வெஜிடேரியன் என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், சில சமயம் மீனும் வரும். 'இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம். பால், தயிர், வெண்ணெய் பரவாயில்லை' என்று பிரித்து எழுதுங்கள். காய்கறி வண்டி தினமும் வருகிற இடமல்ல. முன்கூட்டித் தெரிந்தால் அவர்கள் வாங்கி வைப்பார்கள். சுத்த சைவமான என் அம்மாவை அழைத்துப் போனபோது ஒரு பண்ணை விடுதிக்கு இப்படித்தான் எழுதினேன். பூசணியை அடுப்பில் சுட்டு, மேலே குவாண்டாங் பழத்தில் செய்த புளிப்புத் தொக்கு மாதிரி ஒன்றை ஊற்றி, பக்கத்தில் ரொட்டியும் தயிரும் வைத்திருந்தார்கள். அம்மா அந்தத் தொக்கை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குவாண்டாங் அந்த வறண்ட மண்ணில் தானாக வளரும் சிவப்புப் பழம். கொட்டை பெரிது, சதை கொஞ்சம், நல்ல புளிப்பு. அதில் செய்யும் 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டத்தை அந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் வாங்கிவிடுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கங்காரு, ஈமு, ஒட்டகம், காட்டாடு என்று ஒரு பட்டியல் இருக்கும். ப்ரேரி ஹோட்டல் இதற்கே பேர் போனது. கங்காரு இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு, நன்றாக வேகவிட்டால் நார் நாராகிவிடும். கொஞ்சம் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுத்துத் தருவார்கள். அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள். ஒட்டகம் அங்கே எப்படி என்று கேட்பவர்களுக்கு: 1866 வாக்கில் தாமஸ் எல்டர் என்ற செல்வந்தர் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் அவற்றை ஓட்டும் ஆள்களையும் கப்பலில் கொண்டுவந்தார். பராச்சில்னாவுக்கு வடக்கே பெல்டானா பண்ணையில் வைத்து அவற்றைப் பெருக்கினார். ரயிலும் லாரியும் வரும்வரை உட்பகுதிக்குச் சரக்கு கொண்டுபோனவை அந்த ஒட்டகங்கள்தான். பிறகு அவிழ்த்துவிடப்பட்டவை காட்டில் பெருகிவிட்டன.

ஹலால் வேண்டும் என்பவர்களும் முன்பே கேளுங்கள், கிடைக்காது என்ற பதிலுக்கும் தயாராக இருங்கள்.

அப்புறம், ஏசி உண்டா, ஹீட்டர் உண்டா, அறைக்குள் போன் சிக்னல் வருமா, குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, பணத்தைத் திருப்பித் தரும் விதி என்ன என்பவை. கடைசிக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. மழை பெய்தால் அங்கே சாலையை மூடிவிடுவார்கள். உங்கள் தப்பே இல்லாமல் போக முடியாமல் ஆகலாம். சாலை மூடினால் தேதியை மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: காரும் சாலையும்

அடிலெய்டிலிருந்து பராச்சில்னா சுமார் 480 கி.மீ. நிற்காமல் ஓட்டினால் ஐந்தரை மணி நேரம்; நீங்கள் நின்று நின்று போகப் போகிறீர்கள் என்பதால் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் ஓட்டும் நாடு, நமக்குப் பழக்கமானதுதான். இந்திய ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலாப் பயணி அதை வைத்தே ஓட்டலாம். ஆனாலும் சர்வதேச அனுமதி ஒன்றையும் எடுத்து வந்தால் கார் கம்பெனி கவுன்டரில் வாக்குவாதம் இருக்காது.

காரை எடுக்குமுன் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள். மண் சாலையில் போனால் காப்பீடு உண்டா? ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு உண்டா? பல ஒப்பந்தங்களில் இரண்டுக்கும் இல்லை என்றுதான் இருக்கும். பராச்சில்னாவரை மட்டும் என்றால் சாதாரண கார் போதும். மலை இடுக்குகளுக்குள் போக வேண்டுமென்றால் மண் சாலைக்கு அனுமதியுள்ள உயரமான வண்டி எடுங்கள். ஸ்டெப்னி முழு அளவில் இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். கவுன்டரில் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

இருட்டில் ஓட்டவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொழுது சாயும்போதும் விடியும்போதும் கங்காருவும் ஈமுவும் சாலைக்கு வரும். கங்காரு எந்தப் பக்கம் தாவும் என்று சொல்ல முடியாது. ஈமு இன்னும் மோசம், சாலையைக் கடந்து முடித்தபிறகு மறுபடி திரும்பி ஓடிவரும். ஜூன், ஜூலையில் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அதனால் காலை ஏழரைக்குள் அடிலெய்டை விட்டுக் கிளம்பி நான்கு மணிக்கு ஹோட்டலில் இருங்கள்.

வழி: வில்மிங்டன், குவார்ன், ஹாக்கர், பராச்சில்னா. குவார்னுக்கு வருமுன்பே வரைபடத்தில் மட்டும் உள்ள ஒரு கோட்டைத் தாண்டிவிடுகிறீர்கள். 1865-இல் ஜார்ஜ் கோய்டர் என்ற நில அளவைத் தலைவர், இதற்கு வடக்கே மழையை நம்பிப் பயிர் செய்ய முடியாது என்று வரைந்த கோடு அது. அடுத்த பத்தாண்டில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. ஜனங்கள் அவர் சொன்னதை ஒதுக்கிவிட்டு வடக்கே போய்க் கோதுமை விதைத்தார்கள். பிறகு மழை பொய்த்தது. சாலையோரம் கூரையில்லாமல் நிற்கும் கல் வீடுகள் பல அவர்கள் விட்டுப்போனவை. ஹாக்கருக்குச் சற்று முன்பு வரும் கன்யாகா இன்னும் பழையது. 1850-களில் தொடங்கிய பெரிய ஆட்டுப் பண்ணை, அடுத்த பத்தாண்டின் பஞ்சத்தில் ஆடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அங்கே இறங்கி அரை மணி நேரம் நடந்து பாருங்கள். நீங்கள் போகும் ஹோட்டலில் ஏன் தண்ணீரை அப்படிப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்கள் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

ஹாக்கரில் பெட்ரோலை முழுக்க நிரப்புங்கள், பாதி டேங்க் இருந்தாலும் சரி. அங்கிருந்து பராச்சில்னா 89 கி.மீ. பெட்ரோல் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வடக்கே அடுத்த பங்க் லீ கிரீக் பக்கம்தான்.

வழியில் 'ஃப்ளட்வே' என்று பலகை வரும். அது நம் ஊர்த் தரைப்பாலம்தான். காய்ந்து கிடந்தால் வேகத்தைக் குறைத்துப் போங்கள். தண்ணீர் ஓடினால் நின்றுவிடுங்கள், ஆழம் பார்க்கக் காரை இறக்காதீர்கள். மூடியிருக்கிறது என்று பலகை வைத்த சாலையில் போனால் அபராதமும் உண்டு. எதிரே லாரி வரும்போது ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார் ஓட்டுநர். நீங்களும் உயர்த்துங்கள், அங்கே அதுதான் வணக்கம்.

வண்டியில் இருக்க வேண்டியவை: தண்ணீர், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் கணக்கில், பிஸ்கட், பழம் மாதிரி கெடாத தின்பண்டம், ஒரு போர்வை, கைபேசியில் இறக்கி வைத்த வரைபடம். சிம் கார்டு டெல்ஸ்ட்ரா வாங்குங்கள். மற்றவை ஹாக்கரைத் தாண்டினால் பெரும்பாலும் பயன்படாது. டெல்ஸ்ட்ராவும் எல்லா இடத்திலும் எடுக்காது. வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கவே நடக்காதீர்கள். காரின் நிழலில் இருங்கள். தேடி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது மனிதன் அல்ல, கார்தான். அவசர எண் 000.

ஊரிலிருந்து ஊறுகாய், பொடி எடுத்து வருகிறவர்கள் விமான நிலையப் படிவத்தில் எல்லா உணவுப் பொருளையும் எழுதிவிடுங்கள். எழுதினால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் கடும் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவரவே வேண்டாம்.

ஐந்தாம் படி: போய்ச் சேர்ந்த மாலை

பல இடங்களில் தனி ரிசப்ஷன் இருக்காது. மதுக்கூட மேசையிலேயே சாவி தருவார்கள். குடிக்காதவர்கள் உள்ளே போகக் கூச்சப்பட வேண்டாம், அது ஊரின் திண்ணை. எலுமிச்சை சோடா கேட்டு வாங்கிக்கொண்டு உட்காருங்கள். சாவி வாங்கும்போதே இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் சொல்லி மேசை பதிவு செய்துவிடுங்கள். மறுநாள் எந்தச் சாலையில் போகப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காலையில் யாராவது அந்த வழியாக வந்திருப்பார்கள், எங்கே பள்ளம், எங்கே சேறு என்று அரசு இணையதளத்தைவிட விவரமாகச் சொல்வார்கள்.

சூரியன் மறையும் நேரத்தில் எல்லோரும் மேற்கே பார்த்து நிற்பார்கள். பராச்சில்னாவில் நீங்கள் கிழக்கே பாருங்கள். மலை அந்தப் பக்கம் இருக்கிறது. மேற்கே முழுக்கத் தட்டைச் சமவெளி என்பதால் கடைசி வெளிச்சம் எந்தத் தடையும் இல்லாமல் நேராக மலையில் போய் விழும். முதலில் காவி, பிறகு செங்கல் நிறம், சூரியன் இறங்கியதும் கருஞ்சிவப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம். அடிவாரத்திலிருந்து நிழல் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முழுக்க முடிய அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் சாப்பாட்டுக்கு மேசை சொல்லிவிடாதீர்கள்.

குளியலைச் சுருக்கமாக முடியுங்கள். ஷூவை வெளியே தட்டிவிட்டு உள்ளே வாருங்கள், அந்தச் செம்மண் துணியில் ஏறினால் சுலபத்தில் போகாது. டிப்ஸ் கட்டாயம் இல்லை.

ஆறாம் படி: நடு நாள்

இரண்டு இரவு தங்கச் சொன்னதே இந்த ஒரு முழு நாளுக்காக. ஒரே இரவு தங்குகிறவர்கள் மாலை வந்து காலையில் ஓடிவிடுவார்கள், அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

மண் சாலைக்கு ஏற்ற வண்டி இருந்தால் ஒரு சுற்று சொல்கிறேன். காலையில் பராச்சில்னா மலை இடுக்கு வழியாகக் கிழக்கே 32 கி.மீ. போனால் பிளின்மன், பழைய செப்புச் சுரங்க ஊர். 1,200 கி.மீ. நீளமுள்ள ஹெய்சன் நடைபாதையின் வடக்கு முனை இந்த இடுக்கில்தான் இருக்கிறது. பிளின்மனிலிருந்து தெற்கே இறங்கி, பிராசினா இடுக்கு வழியாக மேற்கே திரும்பி நெடுஞ்சாலைக்கு வந்து, வடக்கே ஹோட்டலுக்கு. பூங்கா நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள், இடுக்குகளுக்குள் சிக்னல் இருக்காது.

பிராசினாவை அவசரப்படாமல் பாருங்கள். சுமார் 20 கி.மீ. சாலையில் 13 கோடி ஆண்டுக்கால பாறை அடுக்குகளைக் கடக்கிறீர்கள். கிழக்கிலிருந்து மேற்கே வந்தால் பழையதிலிருந்து புதியதை நோக்கி வரிசையாக வரும், விளக்கப் பலகைகளும் உண்டு. அதற்குள் எனொராமா ஓடைக்கரையில் பாறையில் பதித்த சின்ன உலோகத் தட்டு ஒன்று இருக்கிறது. எடியகாரன் என்ற புவியியல் காலத்தின் தொடக்கத்துக்கு உலகம் முழுவதற்குமான அடையாளம் அது, 2004-இல் அறிவித்தார்கள். ரெக் ஸ்பிரிக் என்ற புவியியலாளர் 1946-இல் எடியகாரா குன்றுகளில் கண்ட மெல்லுடல் உயிரிகளின் அச்சுகள்தான் இதற்கெல்லாம் தொடக்கம். சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் வாழ்ந்த விலங்குகள் அவை. அவற்றைக் கண்ணால் பார்க்க பராச்சில்னாவுக்கு அருகே நில்பீனா எடியகாரா தேசியப் பூங்கா 2023-இல் திறக்கப்பட்டது. வழிகாட்டியோடு, முன்பதிவு செய்து மட்டுமே போக முடியும். ஹோட்டல் புக் செய்யும் அன்றே இதையும் புக் செய்யுங்கள்.

காலையிலோ மாலையிலோ பிராசினா பாறைச் சரிவுகளில் மஞ்சள் கால் பாறை வாலபி என்ற சின்னக் கங்காரு வகை தென்படும். வாலில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும். காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவே அசைந்து காட்டிக்கொடுக்கும். ஓடைக்கரை யூகலிப்டஸ் மரத்தடியில் மட்டும் காரை நிறுத்தாதீர்கள், காற்றே இல்லாமல் கிளை முறிந்து விழும்.

இந்த மலை அட்ன்யாமதன்ஹா மக்களின் நிலம். 2009-இல் நீதிமன்றம் அவர்களுடைய பாரம்பரிய உரிமையை ஏற்றது. தேசியப் பூங்காவை இப்போது அரசோடு சேர்ந்து அவர்களும் நிர்வகிக்கிறார்கள். 2016 முதல் பூங்காவின் பெயரே இகாரா-ஃபிளிண்டர்ஸ். வில்பீனா வளையத்தின் சுவர்கள் இரண்டு அகுர்ரா நாகங்களின் உடல் என்பது அவர்களுடைய கதை. செயின்ட் மேரி சிகரம் அதில் ஒன்றின் தலை. அதன் உச்சிக்கு ஏற வேண்டாம் என்று வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள். சட்டத் தடை இல்லை என்பதால் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஏறாதீர்கள். கோயிலில் செருப்பைக் கழற்ற நமக்கு யாரும் சட்டம் காட்ட வேண்டியதில்லையே. கீழே டாண்டெரா கணவாய்வரை போனாலே காட்சி போதுமானது. வில்பீனாவில் அவர்களே அழைத்துப்போய்ச் சொல்லும் நடைகள் உண்டு, பணம் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஏழாம் படி: கிளம்பும் நாள்

எட்டு மணிக்கு முன் காரை எடுக்காதீர்கள், விலங்குகள் அதற்குள் நிழலுக்கு ஒதுங்கிவிடும். காலைச் சாப்பாட்டை நிதானமாக முடியுங்கள். சாவியைக் கொடுக்கும்போது எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு ஹாக்கரில் இருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு, ஹாக்கருக்கு வந்ததும் ஒரு போன் செய்யுங்கள். மண் சாலையில் ஓட்டியிருந்தால் காரை ஒப்படைக்குமுன் அடிப்பக்கம்வரை கழுவிவிடுங்கள். சக்கர வளைவில் ஒட்டிய செம்மண்ணைக் காட்டித் தனியாகச் சுத்தம் செய்யும் கட்டணம் போடும் கம்பெனிகள் உண்டு. முன்கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி இருக்கிறதா என்று வெயிலில் நிறுத்திப் பார்த்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.